கிராணியும் ஒரு காலத்தில் வாத்தியார்

(ஜொகூர், குளுவாங் வட்டாரத் தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சம்பளத்தைப் பற்றிப் பேச வந்த கூட்டத்தில் இவன் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுகிறானே என்று எண்ணாதீர்கள். இரண்டும் ஒரே வழக்குத்தான்.

“நம் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது” என்று பிரட்டுக் களத்தில் நாமே சொல்லிக்கொள்கிறோம். அது பொய்! தமிழ்ப் பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். ஆறாம் ஆண்டுச் சோதனையில் மலாய் மொழியில் தவறினான். அதனால் 2003இல், இடைநிலைப் பள்ளியின் முதல் படிவத்திற்கு முன், புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார வேண்டியதாயிற்று. ஆண்டிறுதி மழையில் அவன் வீட்டாருக்கு வெட்டு இல்லை; வெட்டு இல்லையேல் கூலி ஏது? ஜனவரியில் பள்ளி திறந்தது. சட்டை, சப்பாத்து, பஸ் காசு எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. அடுத்து மரங்கள் இலையுதிர்த்தன, பாலும் குறைந்தது. மார்ச்சு மாதத்தில் அவன் பெற்றோரோடு வாளி தூக்கப் போய்விட்டான். இன்று செக்ரோலில் அவன் பெயரை எழுதுகிற கை என்னுடையது. தோற்றது அவன் மூளையா, அவன் வீட்டு அடுப்பா?

அதே 2003இல்தான் ஆரம்பக் கல்வி கட்டாயமாயிற்று. ஆனால் அந்தச் சட்டம் ஆறாம் ஆண்டோடு நின்றது. அவன் விழுந்ததோ அதற்கு அடுத்த படியில்.

இது பழைய கதை, தோழர்களே. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்லிற்று. பல தோட்டங்களில் கொட்டகை வந்தது, வாத்தியார் வரவில்லை. கங்காணியோ கிராணியோ ஒழிந்த நேரத்தில் பாடம் சொன்னார்கள். 1957இல் நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுச் சொச்சமே. பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்பதற்கு வறுமை பெரிய காரணம் என்று 1973இல் அரசாங்க ஆய்வே சொன்னது.

ஆகவே மூன்று காரியம் கேட்கிறேன். கிராணிமார்களே, அன்று அரைகுறையாகச் செய்த வேலையை இன்று ஒழுங்காகச் செய்வோம்: வாரம் இரண்டு மாலை, கோயில் மண்டபத்தில், மலாயும் கணக்கும். கிளை நிதியிலிருந்து, பள்ளி திறக்கும் மாதத்தில் பஸ் காசுக்குக் கைமாற்று. தாய்மார்களே, கைக்குழந்தையைப் பார்க்க மூத்த பெண்ணை வீட்டில் நிறுத்தாதீர்கள்; ஆயாக் கொட்டகை கேட்டு நிர்வாகத்திடம் போராடுவது சங்கத்தின் பொறுப்பு.

இன்னொரு கெட்டிக்காரன் பெயரைச் செக்ரோலில் எழுத எனக்குக் கை வராது. எழுத வைக்காதீர்கள்!

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!