டிராம் தடமும் மின்சாரக் காரும்

(கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மின்சார வாகனம் என்றவுடன் புதிய காரின் விளம்பரப் படமே இன்று கண்முன் நிற்கிறது. ஆனால் இந்தியச் சாலைகளில் மின்சார வாகனம் ஓடத் தொடங்கி நூறாண்டுகளுக்கு மேலாகிறது. சென்னையில் 1895இல் தொடங்கிய மின்சார டிராம் 1953இல் நின்றுபோனது. கொல்கத்தாவில் 1873இல் குதிரைகள் இழுத்த டிராம் 1902இல் மின்சாரத்துக்கு மாறியது; இன்றுவரை முற்றாக மறையவில்லை.

அதே 1953இல், பிரிட்டிஷ் முதலாளிகளின் உடைமையாக இருந்த கொல்கத்தா டிராம் கம்பெனி, இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தியது. உழைப்பாளி மக்கள் பழைய கட்டணத்தையே நீட்டினர். இடதுசாரிக் கட்சிகள் முன்னின்று நடத்திய அப்போராட்டம் தடியடிகளையும் கைதுகளையும் தாங்கி வென்றது. 1967இல், ஐக்கிய முன்னணி ஆட்சியின்போது, கம்பெனியின் நிர்வாகம் மாநில அரசின் கைக்கு வந்தது.

2024 செப்டம்பரில் மேற்கு வங்க அரசு, மைதான் – எஸ்பிளனேடு தடம் தவிர ஏனைய டிராம் தடங்களைக் கைவிடப்போவதாக அறிவித்தது. நகரப் பரப்பில் சாலை சுமார் 6 சதவிகிதமே, டிராமால் நெரிசல் மிகுகிறது என்பது அரசு கூறிய காரணம். அந்தக் குறுகிய சாலையை அடைத்துக்கொள்வது எது? ஒரு பேருந்தில் செல்லும் ஐம்பது பேரைக் காருக்கு ஒருவர், இருவராக ஏற்றினால் முப்பதுக்கும் மேற்பட்ட கார்கள் வேண்டும். அவை மின்சாரத்தில் ஓடினாலும் அடைக்கும் இடம் ஒரு சாண்கூடக் குறையாது. இடது முன்னணி ஆட்சியிலும் டிராம் தடங்கள் மூடப்பட்டன. 1993இல் ஹவுரா பாலத்தின் மீது டிராம் நின்றது. இதையும் மறைக்காமல் பரிசீலிப்பதே கம்யூனிஸ்டுகளின் கடமை.

மின்சாரக் காரில் புகைக்குழாய் இல்லை; தெருவில் அது புகை கக்குவதில்லை. இதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் நாட்டின் மின் உற்பத்தியில் ஏறத்தாழ 70 சதவிகிதம் நிலக்கரியிலிருந்தே வருகிறது. புகையின் பெரும்பகுதி நகரத் தெருவிலிருந்து அனல்மின் நிலையத்தின் அருகிலுள்ள கிராமத்துக்கு இடம் மாறுகிறது. அதே மின்சாரத்தைப் பலர் பகிர்ந்து பயணம் செய்தால்தான் தலைக்கு விழும் கரியமில வாயு உண்மையில் குறையும்.

அரசின் சலுகை எங்கே செல்கிறது? 2019இல் மின்சார வாகனங்களுக்கான ஜிஎஸ்டி 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. அவற்றை வாங்கக் கடன் பெற்றோருக்கு, வட்டியில் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை வருமானவரிக் கழிவும் அளிக்கப்பட்டது. நாட்டில் கார் வைத்துள்ள குடும்பங்கள் நூற்றுக்குச் சுமார் எட்டே. பேருந்துக்காகக் காத்து நிற்கும் கட்டடத் தொழிலாளிக்குக் கழித்துக்கொள்ள வருமான வரியே கிடையாது.

மின்சாரப் பேருந்துகள் வருவது நல்லதே. ஆனால் அவை பெரும்பாலும் கிலோமீட்டருக்கு இவ்வளவு எனத் தனியார் நிறுவனங்களுக்கு வாடகை தரும் ஒப்பந்தத்தில் வருகின்றன. பேருந்து நிறுவனத்துடையது, ஓட்டுநரும் அதன் ஊழியர். போக்குவரத்துக் கழகத்தின் நிரந்தரப் பணி சத்தமின்றிக் கரைகிறது. காற்றைத் தூய்மைப்படுத்துவதன் பெயரால் தொழிலாளியின் உரிமையைப் பறிக்க இடமளிக்கலாகாது.

ஆகவே கோரிக்கை தெளிவானது: மின்சாரத்தில் ஓடும் பேருந்தும் டிராமும் பொதுத்துறையில் பெருக வேண்டும், அவற்றுக்குத் தனித்தடம் வேண்டும், கட்டணம் எளியோருக்கு எட்ட வேண்டும், தொழிலாளிக்கு நிரந்தரப் பணி வேண்டும். ஒரு பைசாவுக்காக வீதியில் நின்ற கொல்கத்தா உழைப்பாளிகள் காத்த உரிமை இதுவே. சுற்றுச்சூழல் இயக்கத்தையும் போக்குவரத்துத் தொழிற்சங்கத்தையும் ஒரே மேடைக்குக் கொண்டுவருவது கட்சிக் கிளைகளின் உடனடிப் பணி.