எழுத்தில் தாருங்கள்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வன்னியில் வளர்ந்த எங்களுக்குப் படிவம் நிரப்புவது புதிதல்ல. ஒவ்வொரு இடப்பெயர்விலும் பெயர், வயது, குடும்ப அங்கத்தவர் தொகை என்று எழுதிக் கொடுத்தோம். நிவாரணத்துக்குக் கொடுத்த விபரம் பிறகு யார் கைக்குப் போனது என்று கேட்டுப் பழகவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நாங்கள் வேலைசெய்த கிளினிக்குக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. குறிப்பிட்ட மாதங்களில் சிகிச்சைக்கு வந்த பெண்களின் பெயர், விலாசம் வேண்டுமாம். "இதைப்பற்றி ஒருவரோடும் கதைக்க வேண்டாம்" என்றார் பேசியவர். எந்தச் சட்டப்படி கேட்கிறீர்கள் என்று எழுத்தில் தாருங்கள் என்றோம். கை நடுங்கியது உண்மை. கடிதம் வரவேயில்லை. ஆனால் கதை எப்படியோ ஊரில் பரவிவிட்டது. மனநலச் சிகிச்சைக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்த ஒரு தாய் அதன்பின் வரவில்லை.

அப்படிக் கேட்கலாம் என்று எங்களுக்குக் காட்டியது 2011. கிளிநொச்சி, யாழ்ப்பாண மாவட்டங்களில் இராணுவம் மக்களைப் பதிவு செய்தபோது, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் பாராளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார்கள். பதிவு நிறுத்தப்படும் என்று சட்டமா அதிபர் தரப்பு நீதிமன்றத்துக்கு உறுதியளித்தது.

அந்தப் பதிவாவது எல்லோர் கண்முன்னாலும் நடந்தது. இரகசியமாகக் கேட்டால்? 2005இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு நூலகக் கூட்டமைப்புக்கு எஃப்.பி.ஐ. 'தேசியப் பாதுகாப்புக் கடிதம்' கொடுத்தது. நூலகக் கணினி ஒன்றைப் பாவித்தவர் விபரம் வேண்டும், வெளியே சொல்லக்கூடாது. நீதிபதியின் கட்டளை எதுவுமில்லை. நூலகர் நால்வர் வழக்குப் போட்டார்கள். பார்பரா பெய்லி, ஜேனட் நோசெக் என்ற இரு பெண்களும் அவர்களில் அடக்கம். தங்கள் சொந்த வழக்குக்கே போக அனுமதியில்லை. வேறு நகரத்தில், பூட்டிய அறைக்குள் இருந்து திரையில் பார்த்தார்கள்! அந்தச் சட்டத்தைப் புதுப்பிக்கும் விவாதம் நடந்தபோதும் அவர்களால் வாய்திறக்க முடியவில்லை. 2006இல் சட்டம் புதுப்பிக்கப்பட்ட பிறகே வாய்ப்பூட்டு நீங்கியது. பின்னர் அந்த விபரமே வேண்டாமென்று அரசு விட்டுவிட்டது.

எங்கள் நாட்டின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலை விசேட வகையில் சேர்த்திருக்கிறது. தேசிய பாதுகாப்புக்கு விதிவிலக்கும் வைத்திருக்கிறது. எங்களுக்குப் பயம் அந்த விதிவிலக்கில்தான்.

வங்கியிலும் தொலைபேசி நிறுவனத்திலும் பாடசாலையிலும் பிறர் விபரங்களைக் கையில் வைத்திருக்கும் சகோதரிகள் உங்களில் பலர். அப்படி ஓர் அழைப்பு வந்தால் பேசியவரின் பெயர், பதவி, நேரம் மூன்றையும் உடனே குறித்து வையுங்கள். எழுத்தில் கேளுங்கள். எங்கள் சங்கத்தில் சட்டத்தரணிகளும் இருக்கிறார்கள். பதில் சொல்வதற்கு முன் அவர்களில் ஒருவரோடு கதையுங்கள்.