தவணை தவறாத சிறு கணிப்பொறி



நம் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் தொழிற்பயிற்சி நிலையங்களில் இரும்பு கடையும் இயந்திரங்களைப் பயின்று வருகின்றனர். அவற்றைத் திருப்புவது இன்று கை அன்று, கணிப்பொறி. உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெர்ரி பை என்னும் சிறு பலகைகூட அப்பணியைச் செய்ய வல்லது. 2012ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த அதனைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் பையென எண்ணிவிட வேண்டாம்!

இத்துணைச் சிறிய பொருள் இரும்பை அறுக்குமா என ஐயுறுவோர் உண்டு. அதற்கு வேகம் போதும். ஐயுற வேண்டியது தவணையைப் பற்றியே.

பத்து நாளில் ஒன்பது நாள் பால் உரிய வேளையில் ஸ்டோருக்குச் சென்று, ஒருநாள் மட்டும் வண்டி பழுதானால், அன்றைய பால் வாளியிலேயே உறைந்துவிடும். சராசரிக் கணக்கு அப்பாலைக் காப்பாற்றுமா? இயந்திரத்திலும் அவ்வாறே. படிப்படியாய்ச் சுழலும் மோட்டார், பெரும்பாலும் ஒரு சுற்றுக்கு 200 படிகள் எடுக்கும். ஒவ்வொரு படிக்கும் கணிப்பொறி ஒரு மின்துடிப்பை அனுப்ப வேண்டும். அதற்காக ஒரு நொடியில் 20,000 முறை அது விழித்துப் பார்க்க வேண்டியிருக்கலாம். அவ்வேளை அது திரையில் படம் வரைந்துகொண்டிருந்தால் துடிப்பு தாமதிக்கும். மோட்டார் படி தவறும். தவறியதை அது திரும்பச் சொல்வதில்லை. அதன்பின் வெட்டுவதெல்லாம் இடம் பெயர்ந்தே விழும். பொருளும் வீண், கூலியும் வீண்.

முதல் பரிகாரம், அவசரப் பணிக்கு மற்றெதையும் ஒதுக்கி வழிவிடும் லினக்ஸ் அமைப்பை நிறுவுதல். நெடுங்காலம் தனித்திருந்த இவ்வசதி 2024இல் 6.12ஆம் பதிப்போடு மூல லினக்ஸிலேயே சேர்ந்தது. அடுத்து, ராஸ்பெர்ரி பை 4இல் உள்ள நான்கு செயலகங்களில் ஒன்றை இயந்திரத்திற்கென்றே ஒதுக்கலாம். மின்சாரத்தை மிச்சப்படுத்த வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பழக்கத்தை நிறுத்தி, ஒரே வேகத்தில் ஓடச் செய்தலும் நன்று. வெப்பம் 80 பாகையை எட்டினால் இப்பலகை தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நம் நாட்டு வெயிலில், தகரக் கூரையின்கீழ், சிறு விசிறியின்றி வைப்பது அறிவீனம்.

இவற்றைச் செய்தபின் சோதித்தல் வேண்டும். லினக்ஸ் சி.என்.சி. என்னும் இலவச மென்பொருளில் தாமதத்தை அளக்கும் கருவி உண்டு. ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு மகிழ்தல் கூடாது. கோப்புகளைப் படியெடுத்தும், சாளரங்களைத் திறந்து மூடியும், பல மணி நேரம் ஓட்டி, வந்தவற்றுள் மிகப் பெரிய எண்ணையே கணக்கில் கொள்ள வேண்டும்.

அவ்வெண் பெரிதாயின், துடிப்பு அனுப்பும் வேலையைத் தனி மின்பலகையிடம் ஒப்படைப்பதே எம் கருத்தில் சிறந்தது. அப்போது சிறு கணிப்பொறி நொடிக்கு 1,000 முறை கட்டளை தந்தால் போதும். செலவு சற்றுக் கூடும். இரவெல்லாம் அமைப்பைத் திருத்திக்கொண்டிருக்கும் தொல்லை குறையும்.

பெற்றோர் மறவாது கேட்க வேண்டியது ஒன்றுண்டு. இயந்திரத்தின் சிவப்பு நிறுத்தப் பொத்தான் கணிப்பொறிக்குச் செய்தி மட்டும் அனுப்புகிறதா, மோட்டாரின் மின்சாரத்தையே நேராகத் துண்டிக்கிறதா? செய்தி மட்டுமெனில், கணிப்பொறி திகைத்து நிற்கும் வேளையில் பொத்தானும் பயன்படாது. மின்சாரத்தைத் துண்டிக்குமாறு கம்பி மாற்றிய பின்னரே பிள்ளையின் கை அவ்வியந்திரத்தின் அருகே செல்லலாம்.