உடலை அளித்த ரசிகர்

கணினி விளையாட்டைத் திரையில் காண்பது வேறு. தலையிலே கருவியை மாட்டிக்கொண்டு அதனுள்ளேயே நிற்பது வேறு. பின்னதையே மெய்நிகர் காட்சி என்கிறோம்.

இங்கிலாந்தின் கிரியேட்டிவ் அசெம்பிளி நிறுவனத்தார் 2014-இல் 'ஏலியன்: ஐசொலேஷன்' என்னும் விளையாட்டை வெளியிட்டனர். அவ்வாண்டுக் கண்காட்சியொன்றில் அதனை மெய்நிகர் கருவியிலும் காட்டினர். ஆயினும் விற்பனைக்கு வந்தபோது அவ்வசதி நிரலுக்குள் உறங்கிக் கிடந்தது. 2017-இல் வெளியார் ஒருவர் 'மதர்வீஆர்' என்னும் இணைப்பை எழுதி அதனை எழுப்பினார், கட்டணமும் கேட்டாரில்லை.

இவ்வகை இணைப்பை 'மாட்' என்பர். இஃதிருக்க நிறுவனத்தாரின் பணி எதற்கு என்று கேட்டுவிடலாகாது. 2018-இல் கணினிக்கு வந்த 'ஸ்கைரிம் வீஆர்' பெதஸ்தா நிறுவனத்தாரே செய்தது. அதிலே வீரன் குனிந்து நோக்கினால் தன் உடலைக் காணான். கைகள் மட்டும் காற்றில் மிதக்கும்! வேடிக்கைதான். பின்னர் 'வீரிக்' என்னும் மாட் வழியே உடலை அளித்தவர் ரசிகரே. ஆனால் அவர் கட்டியது நிறுவனத்தார் இட்ட அடித்தளத்தின்மீதன்றோ?

மாட்டுக்கு நிலைத்த உரிமையும் இல்லை. 2022-இல் டேக்-டூ நிறுவனம் பதிப்புரிமைச் சட்டத்தைக் காட்டவே, அதன் விளையாட்டுகளுக்கு ஒருவர் எழுதிய மெய்நிகர் மாட்கள் நீக்கப்பட்டன. அவர் ஆதரவாளரிடம் பணம் பெற்றவர் என்பது உண்மையே. எனினும் நிறுவனம் தானாக அவ்வசதியை அளிக்கவுமில்லை. இதனை நான் குறையென்றே கருதுகிறேன்.

அதே ஆண்டில் வால்வு நிறுவனமோ, தன் 'ஹாஃப்-லைஃப் 2'-க்கு ரசிகர்கள் இயற்றிய மெய்நிகர் மாட்டைத் தன் 'ஸ்டீம்' கடையிலேயே இலவசமாக வழங்க இடங்கொடுத்தது. மூல விளையாட்டை வாங்கியவர் எவரும் அதனைப் பெறலாம்.