ஆடிட்டர் வரைந்த நாவலாசிரியர்



பரோடாவில் வாழ்ந்த ஓவியர் பூபேன் கக்கர் தொழிலால் ஓர் ஆடிட்டர். 1934இல் பம்பாயில் பிறந்தவர். பரோடா பல்கலைக்கழகத்தில் அவர் சேர்ந்ததுகூட கலை விமர்சனம் படிக்கத்தான். ஓவியராகப் பெயர் வாங்கிய பிறகும் பகுதிநேரமாகக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். கடிகாரம் பழுதுபார்க்கிறவர், தையற்காரர், முடிதிருத்துகிறவர் என்று யாரும் படமாக வரையத் துணியாத ஆட்களை 1970களில் வரைந்தார். குஜராத்தியில் கதையும் எழுதுவார். குறும்புக்குப் பஞ்சமே இருக்காது.

அவருடைய நண்பர் நாவலாசிரியர் சல்மான் ருஷ்டி. முந்தைய நாவல் ஒன்றுக்காக 1989 பிப்ரவரியில் ஈரானின் மதத் தலைவர் கொமேனியின் மரண ஆணை வந்த நாள்முதல் பிரிட்டனில் போலீஸ் காவலோடு தலைமறைவாக இருந்தவர். 1995இல் அவருடைய ‘தி மூர்ஸ் லாஸ்ட் சை’ நாவல் வந்தது. கொச்சியின் மிளகு வியாபாரக் குடும்பம் ஒன்றில் தொடங்கி பம்பாய்க்குப் போகிற கதை. நாயகனின் தாய் ஓர் ஓவியர். அதில் கணக்காளர் ஒருவரும் வருகிறார். கக்கரை மனத்தில் வைத்து எழுதிய பாத்திரம் அது.

கக்கர் சும்மா விடுவாரா? அதே ஆண்டில் ருஷ்டியையே அந்த நாவலின் நாயகனாக வரைந்துவிட்டார். ஓவியத்தின் பெயர் ‘தி மூர்’. நடுவில் தாடியோடு ருஷ்டி. சுற்றிலும் சின்னச் சின்னதாக நாவலின் காட்சிகள். போட்டிருக்கும் சட்டையைக் கவனிக்க வேண்டும். உடம்பு அப்படியே தெரிகிற மெல்லிய துணி. அரசவை ஓவியங்களில் ராஜாக்கள் மஸ்லின் அங்கி அணிந்து நிற்பார்கள் அல்லவா, அந்த வழக்கம்தான். ஆனால் நம் நாவலாசிரியர் மேல் அது ராஜ கம்பீரமாக இல்லை. மலிவான நைலான் சட்டை போலத்தான் இருக்கிறது!

உலகத்துக்கு அன்று ருஷ்டி ஒன்று தியாகி, இல்லாவிட்டால் துரோகி. கக்கர் இரண்டையும் ஒதுக்கிவிட்டார். காவலுக்குள் மறைந்து வாழ்கிறவருக்கு எதையுமே மறைக்காத சட்டையை மாட்டிவிட்டார். நண்பரை மட்டும் இப்படி அம்பலப்படுத்தினார் என்று நினைக்க வேண்டாம். 1981இலேயே, பால்கனியில் ஆடையின்றி நிற்கும் மனிதனாகத் தம்மைத் தாமே வரைந்துகொண்டவர் அவர்.

கக்கர் 2003இல் காலமானார். ‘தி மூர்’ லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியின் சேகரிப்பில் இருக்கிறது. முடிந்தால் முதலில் நாவலைப் படித்துவிடுங்கள். பிறகு படத்தைப் பாருங்கள். கதை தெரியாமல் பார்த்தால் பாதிப் படம்தான் கிடைக்கும்.