கற்ற பெண்ணும் கற்பனைக் காதலும்

(ஆண்டு விழாவின் இலக்கிய அரங்கில் நிகழ்த்திய உரை)

 

விழாக் குழுவினர் நமக்கு அளித்த தலைப்பு ‘திரைப்படமும் வரலாறும்’ என்பது. கடல் போன்ற தலைப்பு. அக்கடலில் இறங்கி நீந்தும் ஆற்றல் நமக்கு இல்லை. கரையில் நின்று ஒரு கை நீரை அள்ளிக் கொள்கிறோம். கல்வியாலும் ஆராய்ச்சியாலும் புகழ் பெற்று மறைந்த பெண் ஒருத்தியின் தனி வாழ்வைத் திரைப்படம் கற்பனை செய்து காட்டும்பொழுது, அவளுக்கு நன்மை விளைகிறதா, தீங்கு விளைகிறதா? இந்த ஒரு வினாவைத்தான் இன்று எடுத்துக் கொண்டோம்.

இத்தகைய கற்பனை நமக்குப் புதியதன்று. 1953-இல் ஜெமினி வாசன் அவர்கள் எடுத்த ‘ஔவையார்’ படத்தை இங்குள்ள மூத்தோர் பலர் கண்டு களித்திருப்பீர்கள். கே. பி. சுந்தராம்பாள் அவர்களின் வெண்கலக் குரல் இன்னும் நம் செவியில் ஒலிக்கிறது. அப்படம் தழுவிய செவிவழிக் கதையில், திருமணப் பேச்சு எழுந்தவுடன் இளமங்கையாகிய ஔவை பிள்ளையாரிடம் முறையிட்டு, நொடிப் பொழுதில் நரையும் திரையும் பெற்று முதியவள் ஆகிறாள். ஆனால் சங்கப் பாடல்கள் காட்டும் ஔவை யார்? அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றவள். அவன் அவையில் கள் அருந்தி மகிழ்ந்தவள். அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவள். ஔவை என்னும் பெயரில் பல காலங்களில் பலர் இருந்தனர் என்பது அறிஞர் கொள்கை, அது நிற்க. கற்ற பெண் ஒருத்தி மணமின்றி ஊர் ஊராகச் செல்வதை ஒப்புக்கொள்ள, நம் மனத்திற்கு அவளை முதலில் கிழவியாக்க வேண்டியிருந்தது என்பதே நாம் சுட்ட விரும்புவது.

மேல்நாட்டாரோ இதற்கு நேர்மாறான வழியில் சென்றிருக்கின்றனர். 2020-இல் பிரான்சிஸ் லீ என்பார் இயக்கத்தில் ‘அம்மோனைட்’ என்றோர் ஆங்கிலப் படம் வெளிவந்தது. அம்மோனைட் என்பது பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த, சுருள் ஓடுடைய ஓர் உயிரின் கற்படிவம். நம் வீட்டுப் பூசையறைக்கு அயலானதன்று அது. கண்டகி நதியிலிருந்து வரும் சாளக்கிராமத்தில் காணும் சக்கர வடிவம் இவ்வுயிரின் சுவடே. அரியலூரை அடுத்த காரைப் பகுதியின் செம்மண் வெளியிலும் இவை கிடைக்கின்றன.

படத்தின் தலைவி மேரி அன்னிங். 1799-இல் இங்கிலாந்தின் தென்கரையில் லைம் ரீஜிஸ் என்னும் சிற்றூரில், ஓர் ஏழைத் தச்சரின் மகளாய்ப் பிறந்தார். தந்தை இறந்தபின், கடலோரப் பாறைச் சரிவுகளில் கற்படிவங்களைப் பொறுக்கி விற்றுக் குடும்பம் பிழைத்தது. அண்ணன் ஒரு தலையோட்டைக் கண்டெடுக்க, அதன் எஞ்சிய உடலை 1812-இல் மேரி கண்டுபிடித்தார். இக்தியோசர் என்னும் கடற்பிராணி அது; அப்பொழுது அவர் சிறுமி. 1823-இல் பிளீசியோசரின் முழு எலும்புக் கூட்டைத் தோண்டி எடுத்தார். அதன் நீண்ட கழுத்தைக் கண்டு, பொய்யாகச் சேர்த்து ஒட்டியதோ என்று பாரிசின் பேரறிஞர் குவியேகூட ஐயுற்றார். பிறகு உண்மை என்று ஒப்பினார். இத்தனை செய்தும், இலண்டன் நிலவியல் சங்கத்தின் வாயில் மேரிக்குத் திறக்கவில்லை. அச்சங்கம் பெண்களை உறுப்பினராகத் தேர்ந்தது 1919-இல்தான். மேரியோ 1847-லேயே மறைந்துவிட்டார். மணம் புரிந்துகொள்ளவில்லை.

அவருடைய காதலைப் பற்றி எந்த ஏடும் பேசவில்லை. பேசாத இடத்தில் படம் பேசிற்று. நிலவியலாளர் மர்ச்சிசனின் மனைவி சார்லட்டுக்கும் மேரிக்கும் இடையே காதல் அரும்பியதாகக் கதை அமைத்தது. மேரியின் குடும்ப வழியினர் சிலர் ஆதாரம் எங்கே என்று கேட்டனர். பெண்ணும் பெண்ணும் காதலிப்பதா என்று முகம் சுளித்தோரும் உண்டு. அந்த முகச் சுளிப்பில் நமக்குப் பங்கில்லை. ஏடு வாய் மூடியிருப்பதாலேயே அப்பெண்ணுக்கு நெஞ்சமே இல்லை என்று கொள்வதும் அநீதியன்றோ? படைப்போன் கற்பனை செய்யட்டும்.

நம் குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. படத்தில் வரும் சார்லட் இளம்பெண். நோயுற்று மனம் சோர்ந்தவள். கணவனால் கடற்கரையில் விட்டுச் செல்லப்பட்டவள். உண்மையான சார்லட் 1788-இல் பிறந்தவர். மேரியைவிடப் பதினோர் ஆண்டு மூத்தவர். படைப்பணி விட்டு வேட்டையில் காலம் கழித்த கணவரை அறிவியலின் பக்கம் திருப்பிய பெருமை அவருக்கு உரியது. 1825-இல் லைம் ரீஜிசில் தங்கி, மேரியுடன் சேற்றில் நடந்து படிவம் தேடக் கற்றார். அந்நட்பு கடிதங்களாகவும் தொடர்ந்தது. 1833-இல் மண் சரிந்து தம் நாய் மாண்ட துயரத்தை மேரி எழுதி ஆற்றிக்கொண்டது இந்தச் சார்லட்டிடமே. இன்னும் ஒன்று கேளுங்கள். சார்லட்டின் பெயரைத் தாங்கிய அம்மோனைட் இனமே ஒன்று உண்டு! படத்திற்கு அம்மோனைட் என்று பெயரிட்டவர்கள், அம்மோனைட்டுக்குத் தன் பெயரைத் தந்த பெண்ணை ஒன்றும் அறியாப் பேதையாக்கிவிட்டனர். ஒருத்திக்குக் காதலைக் கொடுத்தார்கள்; அதற்கு விலையாக மற்றொருத்தியின் அறிவைப் பறித்தார்கள்.

இதனை நாம் பெங்களூரில் நின்று பேசுவதற்குக் காரணம் உண்டு. அதே 2020-இல், இந்நகரில் பிறந்து 2013-இல் இந்நகரிலேயே மறைந்த கணித மேதை சகுந்தலா தேவியைப் பற்றிய இந்திப் படமும் வந்தது. சர்க்கஸ் கலைஞரின் மகளாகப் பிறந்து, 1980-இல் இலண்டனில் பதின்மூன்று இலக்க எண்கள் இரண்டை 28 நொடியில் பெருக்கிக் காட்டியவர் அவர். படமோ கணக்கைவிடத் தாய்க்கும் மகளுக்கும் இடையே இருந்த பிணக்கையே பெரிதும் காட்டிற்று. எனினும், மகளின் கண் வழியே சொல்லப்படும் கதை என்பதை மறைக்கவில்லை. அந்நேர்மையைப் பாராட்ட வேண்டும்.

பேசுவதற்கு மகளும் இல்லாதவர்களின் நிலை யாது? நம்மவர் இன்றும் ‘டாட்டா இன்ஸ்டிடியூட்’ என்று வழங்கும் இந்திய விஞ்ஞானக் கழகத்திற்கு 1933-இல் கமலா பாகவத் என்னும் மராட்டியப் பெண் வந்தார். பெண் என்பதனால் சேர்க்க மறுத்தார் சர் சி. வி. இராமன். சத்தியாக்கிரகம் செய்தேனும் இடம் பெறுவேன் என்று அவர் உறுதியாய் நிற்கவே, ஓராண்டு சோதனை என்னும் நிபந்தனையுடன் கதவு திறந்தது. இராமன் நம் தமிழர் என்று மேடைதோறும் மார்தட்டுகிறோம். இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இராமனின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய லலிதா துரைசாமி, சென்னை மாகாணக் கல்லூரியில் பழகிய சந்திரசேகரை 1936-இல் மணந்தார். இனிய காதல், சான்றுடைய காதல். கணவருக்கு 1983-இல் நோபல் பரிசு கிடைத்தது. லலிதாவின் பௌதிகமோ திருமணத்தோடு நின்றது.

அன்னா மாணி 1940-இல் அங்கு வந்தார். பீர்மேட்டில் செல்வக் குடும்பத்தில் பிறந்து, எட்டாம் பிறந்த நாளுக்கு வைரத் தோடு வேண்டாம், கலைக்களஞ்சியம் வாங்கித் தாருங்கள் என்று கேட்ட சிறுமி, இங்கே வைரங்களையே ஆராய்ந்தார் என்பது காலத்தின் விளையாட்டு. ஒளிப்படத் தட்டு ஒன்றில் ஒளிக்கோடுகள் பதியப் பதினைந்து, இருபது மணி நேரம் ஆகும். இரவில் ஆய்வுக்கூடத்திலேயே உறங்கினார். ஆண் மாணவரும் பெண் மாணவரும் பேசிப் பழகுவதை இராமன் விரும்பவில்லை என்பதை அன்னா மாணியே பிற்காலத்தில் நினைவு கூர்ந்திருக்கிறார். தனியொருவராய் ஐந்து ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டு, 1945-இல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்தார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று சொல்லி டாக்டர் பட்டத்தை மறுத்துவிட்டனர். பின்னர் வானிலைத் துறையில் கருவிகளை நம் நாட்டிலேயே செய்விக்க வழி கோலினார். இந்தியாவில் எங்கெங்கே எவ்வளவு வெயில் காய்கிறது என்று அளந்து நூல் எழுதினார். இன்று நம் வீட்டு மாடிகளில் சூரிய ஒளித் தகடு பதிக்கும் தொழிலுக்கு அவ்வளவைகள் அடித்தளம். ஓய்வுக்குப் பின் மீண்டும் இந்நகருக்கே வந்து பணியாற்றி, 2001-இல் மறைந்தார். அவரும் மணம் புரிந்துகொள்ளவில்லை.

தாய்மார்களே! நம் குடியிருப்பிலிருந்து ஆராய்ச்சிக் கூடங்களுக்குச் செல்லும் பெண்மக்கள் பலர். இரவு பத்து மணிக்கு அவள் வீடு திரும்பினால், என்ன கண்டுபிடித்தாய் என்று நாம் கேட்பதில்லை. யாருடன் வந்தாய் என்று கேட்கிறோம். ஊருக்குப் போனால் அத்தைமாரும் சித்திமாரும் கேட்பது இன்னும் ஒரே கேள்வி. திருமணம் இல்லாத இடத்தில் வாழ்வே இல்லை என்று எண்ணி, அந்த வெற்றிடத்தை நாம் வம்பால் நிரப்புகிறோம். படம் எடுப்போர் காதலால் நிரப்புகின்றனர்.

அன்னா மாணியின் மறுக்கப்பட்ட ஆய்வேடு இந்நகரின் இராமன் ஆராய்ச்சிக் கழக நூலகத்தில் இருக்கிறது. நாளை யாரேனும் அவரைப் படமாக்க வரலாம். இருட்டறையில் தட்டு பதியும் அந்த இருபது மணி நேரத்தில் அவர் நெஞ்சில் யார் இருந்தார் என்பதை அவர்கள் விருப்பம் போல் கற்பனை செய்து கொள்ளட்டும். விடிந்த பின் அவர் தட்டைக் கழுவி வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கும்பொழுது, அதில் விழுந்திருந்த கோடுகளையும் நம் பெண்களுக்கு ஒரு கணம் காட்டட்டும்.