பெயர் தாங்கும் கொடுமுடிகள்



மாண்டாரை மறவாதிருத்தற்பொருட்டு ஓர் அடையாளத்தை நிறுவுதல் மனிதகுலத்தின் மிகப் பழைய வழக்கம். போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, அதிற் பெயரும் பீடும் எழுதி, மயிற்பீலி சூட்டி வழிபட்டனர் பழந்தமிழர். எகிப்திய மன்னர் கற்கூம்புகளைக் கட்டுவித்தனர். பிற்காலத்தார் சிலை நாட்டினர். வீதிக்கும் பாலத்துக்கும் பாடசாலைக்கும் பெயர் சூட்டினர். இவை யாவும் மனிதன் தன் கையால் ஆக்கிய பொருள்கள். தான் ஆக்காத, தன்னாற் சிறிதும் அசைக்கவியலாத மலையைத் தன் மதிப்புக்குரியவரின் ஞாபகச் சின்னமாகக் கொள்ளும் வழக்கமோ, நில அளவையாளர் உலகின் மூலைமுடுக்கெல்லாம் சென்று படம் வரைந்த பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான் பெருகிற்று. இந்திய நில அளவைத் தலைவராயிருந்த ஜோர்ஜ் எவரெஸ்டின் பெயர் 1865ஆம் ஆண்டில் உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்கு இடப்பட்டமை யாவரும் அறிந்ததே. அப்பெயரீட்டை அவரே விரும்பினாரல்லர் என்பதைப் பலர் அறியார்.

அச்சிகரத்தைப் பற்றி நிரம்பப் பேசப்பட்டுள்ளது. இப்பேச்சு மத்திய ஆசியாவின் பாமீர், தியென்ஷான் மலைத்தொடர்களிலுள்ள மூன்று கொடுமுடிகளைப் பற்றியது. மூன்றும் ஏழாயிரம் மீட்டருக்கு மேற்பட்டவை. மூன்றும் நினைவுச் சின்னங்களாகப் பெயர் பெற்றவை.

பாமீரின் வட எல்லையில், இன்றைய கிர்கிஸ்தானுக்கும் தாஜிகிஸ்தானுக்கும் இடையே 7134 மீட்டர் உயரமான சிகரம் ஒன்று நிற்கின்றது. 1871ஆம் ஆண்டில் அலெக்சி பெத்சென்கோ என்னும் ருஷ்ய ஆராய்ச்சியாளர் அதனைக் கண்டார். அந்நாளில் துருக்கிஸ்தானின் தேசாதிபதியாயிருந்த தளபதி கோப்மானின் பெயர் அதற்கு வழங்கலாயிற்று. புரட்சிக்குப் பின்னர், சார் மன்னரின் தளபதிக்கு மலையுச்சியில் இடமில்லாது போயிற்று. 1928ஆம் ஆண்டில் சோவியத்தாரும் ஜேர்மனியரும் கூடிய ஆய்வுக்குழு ஒன்று அங்கு சென்றது. அச்சிகரமே சோவியத் நாட்டின் அதியுயர் சிகரமென அப்போது கருதப்பட்டமையால், நான்கு ஆண்டுகட்கு முன் மறைந்த லெனினின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பர் 25ஆம் நாள் அக்குழுவைச் சேர்ந்த கார்ல் வீன், அல்வைன், ஷ்னைடர் ஆகிய மூவர் உச்சியை எய்தினர். இவர்களுள் வீன் என்பார் 1937இல் இமயத்தின் நங்க பர்பத் மலையிற் பனிச்சரிவில் அகப்பட்டுப் பதினைவரோடு புதையுண்டார்.

ஆனால், அளவையாளரின் கணக்குப் பிழைத்தது. லெனின் சிகரத்திலும் உயர்ந்ததாய், 7495 மீட்டர் கொண்ட சிகரம் ஒன்று பாமீரிலேயே உண்டென்று தெரியவந்தது. லெனினுக்கு வாய்த்தது இரண்டாமிடமாயின், முதலிடம் யாருக்கென்று கேட்கவும் வேண்டுமோ? அதற்கு ஸ்டாலின் சிகரம் எனப் பெயரிட்டனர். ஸ்டாலின் உயிரோடிருந்து ஆட்சி செலுத்திய காலம் அது. ஆகவே அது நினைவுச் சின்னமன்று, புகழுரை என்றே கொள்ளல் வேண்டும்.

பெயரிட்ட பின், எவரேனும் அதில் ஏறியாதல் வேண்டும் அன்றோ? 1933ஆம் ஆண்டில் ஒரு குழு புறப்பட்டது. அதன் தலைவர் நிக்கொலாய் கோர்புனோவ்; லெனினின் செயலாளராய்ப் பணிபுரிந்தவர். கூரிய பாறைகள் நிரம்பிய கிழக்கு முகட்டில் வழி அமைக்கும்போது ஒருவர் கீழே வீழ்ந்து மாண்டார். சுமை காவி வந்த உள்ளூரார் ஒருவர் நோயுற்று இறந்தார். ஈற்றில் செப்டெம்பர் 3ஆம் நாள், யெவ்கெனி அபலகோவ் என்னும் இளைஞர் ஒருவர் மட்டுமே உச்சியைத் தொட்டார். அவருக்குச் சற்றுக் கீழே வரை வந்து நின்ற கோர்புனோவின் கால்விரல்கள் உறைகுளிராற் பழுதுற்றன. அந்தக் குளிருக்குத் தப்பிய கோர்புனோவ் ஐந்தாண்டு சென்றபின், 1938ஆம் ஆண்டில், ஸ்டாலினின் ஆட்சியிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். எவர் பெயர் தாங்கிய மலைக்கு அவர் வழிகாட்டினாரோ, அவரது அரசே அவரை மாய்த்தது.

1962ஆம் ஆண்டில் ஸ்டாலின் சிகரம் கம்யூனிச சிகரமாயிற்று. சோவியத் ஒன்றியம் கலைந்தபின், 1998ஆம் ஆண்டில், பத்து நூற்றாண்டுகட்கு மேற்பட்ட பழைமை வாய்ந்த சாமானிய மன்னர் இஸ்மாயில் சோமோனியின் பெயரைத் தாஜிகிஸ்தான் அதற்கு இட்டது. லெனின் சிகரத்துக்கும் 2006ஆம் ஆண்டில் அந்நாட்டார் மருத்துவமேதை இப்னு சீனாவின் பெயரைச் சூட்டினர். எல்லைக்கு அப்பால் கிர்கிஸ்தானிலோ லெனினின் பெயர் நீங்கவில்லை. இப்பெயர்களுக்கு உரியோர் எவரும் அவ்வுச்சிகளை மிதித்தவரல்லர்.

மிதிப்போருக்கு நேர்வது யாது? கடல்மட்டத்திலுள்ள வளியமுக்கத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கே ஏழாயிரம் மீட்டர் உயரத்தில் உண்டு. வளியில் ஒட்சிசன் கலந்துள்ள விகிதம் மாறுவதில்லை. ஆயினும் அமுக்கம் குறைதலால், ஒரு மூச்சில் உட்செல்லும் ஒட்சிசன் அந்த அளவுக்குக் குறைகின்றது. பசி அடங்குகின்றது, உறக்கம் கெடுகின்றது, குருதி தடிக்கின்றது. உடலைப் பழக்காது விரைந்தேறியோருக்கு நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்து, உடனே கீழிறக்காவிடின் உயிரே போய்விடும். யாவற்றிலும் கொடியது அறிவு மயங்குதல். திரும்பவேண்டிய வேளையில் மேலே செல்லத் துணிவதும், கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு மறப்பதும் இம்மயக்கத்தாலே நேர்வன. மயங்கினோம் என்று உணர்வதற்கும் அறிவு வேண்டுமன்றோ? இதனோடு உறைகுளிர் சேர்கின்றது. குருதி செல்லாத விரல்கள் முதலில் நோகும். பின்னர் நோவும் தோன்றாது. நோவு நின்றதே ஆபத்தின் அறிகுறி.

மூன்றாவது கொடுமுடி, கிர்கிஸ்தானுக்கும் சீனாவுக்கும் இடைப்பட்ட தியென்ஷான் தொடரில் உள்ளது. ஏழாயிரம் மீட்டரைக் கடந்த சிகரங்களுள் உலகில் மிக வடக்கே நிற்பனவற்றுள் அதுவும் ஒன்று. ஆதலால் அதன் குளிரும் புயலும் இமயத்துச் சிகரங்கள் பலவற்றிலும் கடுமையானவை. அண்மையில் நிற்கும் கான் தெங்ரி அழகிய கூம்பாய் எழுந்து காண்போர் கண்ணைக் கவர்ந்தமையால், நீண்ட முகட்டுடன் பின்னே படுத்திருந்த இம்மலையின் உயரத்தை நெடுங்காலம் எவரும் உணரவில்லை. 1943ஆம் ஆண்டில், போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், இராணுவ அளவையாளர் அதனை அளந்து, தியென்ஷானில் அதுவே உயர்ந்ததெனக் கண்டனர். அதன் உயரம் 7439 மீட்டர். போர் முடிந்தபின் அதற்குப் ‘பொபேடா’ எனப் பெயரிட்டனர். வெற்றி என்பது அச்சொல்லின் பொருள். சோவியத் மக்கள் இரண்டு கோடியே எழுபது இலட்சம் பேர் அளவில் மாண்ட போரின் நினைவு அது. மலைக்கு இட்ட பெயர்களுள் இதனைக் குறைகூற எவரும் துணியார். கிர்கிஸ் மொழியில் இன்றும் அதே பொருளிலேயே ஜெங்கிஷ் சோகுசு என்பர்.

1955ஆம் ஆண்டில் கசாக்கிஸ்தானைச் சேர்ந்த பன்னிருவர் வெற்றிச் சிகரத்தில் ஏறினர். 6900 மீட்டர் அளவில் புயல் அவர்களைப் பிடித்தது. கூடாரங்கள் பனியில் அமிழ்ந்தன. பதினொருவர் மாண்டனர், உயிரோடு கீழே வந்தவர் ஒருவரே.

அடுத்த ஆண்டு அங்கு சென்றவர் விற்றாலி அபலகோவ். ஸ்டாலின் சிகரத்தில் ஏறிய யெவ்கெனியின் தமையனார். 1936ஆம் ஆண்டில் கான் தெங்ரியிலிருந்து இறங்கும்போது உறைகுளிராற் கைவிரல்களிலும் பாதத்திலும் பகுதிகளை இழந்தவர். விரல் குறைந்த ஒருவர் மீண்டும் மலையேறுதல் அரிது. பிறரை வழிநடத்தி ஏறுதல் அதனினும் அரிது. அவர் அவசரப்படவில்லை. உடலை உயரத்துக்குச் சிறிது சிறிதாகப் பழக்கினார். துணிக் கூடாரத்தை நம்பாது, பனியிற் குகை குடைந்து அதனுள்ளே தங்கச் செய்தார். 1956 ஓகஸ்ட் 30ஆம் நாள் பதினொருவரும் உச்சியை அடைந்தனர்; பதினொருவரும் திரும்பி வந்தனர். உச்சியை அடைந்ததிலும் திரும்பி வந்ததே பெருஞ்செயல் என்று மலையேற்றத்தை அறிந்தோர் சொல்வர்.

எழுபதாண்டு கழிந்தும் அம்மலை மாறவில்லை. 2025 ஓகஸ்டில் ருஷ்யப் பெண் ஒருவர் ஏழாயிரம் மீட்டருக்கு மேலே காலொடிந்து கிடந்தார். அவருக்கு உதவச் சென்றோருள் இத்தாலியர் ஒருவர் மாண்டார். மீட்கச் சென்ற ஹெலிகொப்டர் ஒன்று இடையில் வீழ்ந்தது. அப்பெண்ணைக் கீழே கொணர முடியவில்லை. அவ்வுயரத்தில் ஒருவரைச் சுமந்து இறக்குதல் வலியோர் பலருக்கும் இயலாத காரியம்.

லெனின் சிகரத்தின் நிலை வேறு. ஏழாயிரம் மீட்டர் சிகரங்களுள் எளிதானது என்னும் பெயர் அதற்கு உண்டு. சரிவு மென்மையானது; செங்குத்துப் பாறைகள் குறைவு. அந்தப் பெயரே பலரை அங்கு ஈர்த்தது. 1990 ஜூலை 13ஆம் நாள் மாலை, 5300 மீட்டர் அளவிலுள்ள இரண்டாம் முகாமில் நாற்பத்தைவர் தங்கியிருந்தனர். இந்துகுஷ் மலைப்பகுதியில் எழுந்த புவிநடுக்கம் மேலே தொங்கிய பனிப்பாளத்தைப் பெயர்த்தது. நாற்பத்துமூவர் மாண்டனர், பிழைத்தோர் இருவர். எளிதென்று சொல்லப்பட்ட பாதையில், எவர் தவறுமின்றி, ஒரே பொழுதில் நேர்ந்தது இது. மலையேற்ற வரலாற்றில் ஒரு விபத்தில் இத்துணைப் பேர் மாண்டதில்லை.

அதற்குப் பதினாறு ஆண்டு முன்னர், 1974ஆம் ஆண்டில், அதே மலையடிவாரத்திற் பல நாட்டு மலையேறிகள் கூடிய பெரிய முகாம் ஒன்று நடைபெற்றது. அதிற் சோவியத் பெண்கள் எண்மர் கொண்ட குழுவும் இருந்தது. தலைவியின் பெயர் எல்விரா ஷத்தாயெவா. ஆடவர் துணையின்றி ஒரு பக்கமாக ஏறி மறுபக்கமாக இறங்குதல் அவர்களின் நோக்கம். ஓகஸ்ட் 5ஆம் நாள் அவர்கள் உச்சியை எய்தினர். வழி தெரியாதபடி முகில் மூடியது. உச்சியின் அருகே கூடாரமிட்டுக் காத்திருந்தனர். காற்று வலுத்துப் புயலாயிற்று. அவர்களுடைய கூடாரங்களின் வாயில்கள் பொத்தானிட்டு மூடுவன. காற்று அவற்றைத் திறந்து, பின்னர் கூடாரங்களையே கிழித்தெறிந்தது. எண்மருள் ஒருவர் நோயுற்றார். பின்னர் ஒருவர்பின் ஒருவராய் மாளத் தொடங்கினர்.

அவர்களிடம் வானொலிக் கருவி இருந்தது. அடிவார முகாமிற் பொறுப்பாயிருந்து அதனைக் கேட்டவர்களுள் விற்றாலி அபலகோவும் ஒருவர். மலையின் வேறொரு புறத்தே தங்கியிருந்த ஜப்பானியர் சிலரும் அக்குரலைக் கேட்டனர். மொழி விளங்காவிடினும் துன்பம் விளங்கிற்று. உதவிக்குச் செல்ல முயன்ற அவர்களை நிற்கவும் விடாது காற்றுத் தள்ளியது. 7ஆம் நாள் மாலை வரை எல்விரா பேசினார். மாண்டோர் எத்தனை பேர், எஞ்சியோர் எத்தனை பேர் என்று ஒவ்வொரு முறையும் அறிவித்தார். இறுதியில் விடைபெற்றார். அதன்பின் கருவியிற் குரல் இல்லை.

புயல் ஓய்ந்தபின் மேலே சென்ற ஜப்பானியரும் அமெரிக்கரும் அவர்களின் உடல்களைக் கண்டனர். எல்விராவின் கணவர் விளாடிமிர் ஷத்தாயெவ் தாமும் ஒரு மலையேறி. செய்தி அறிந்து வந்து, அவரும் தோழரும் ஏறிச்சென்று, உடல்களை அங்கேயே பனியில் அடக்கினர். அடுத்த ஆண்டு மீண்டும் சென்று கீழே கொணர்ந்தனர். லெனின் சிகரத்தின் அடிவாரத்திலுள்ள அச்சிக்-தாஷ் புல்வெளியில், அம்மலையில் மாண்டோரின் பெயர்கள் பொறித்த கற்கள் உண்டு. கோடை மாதங்களில் மலையேற வருவோர் அவற்றைக் கடந்தே முகாமுக்குச் செல்கின்றனர்.